நொய்யல் விவசாயிகள் ஏற்றுமதியை எதிர்க்கவில்லை
உலகமயத்தை எதிர்த்தவர்கள் வேலைவாய்ப்பைத்தான் கெடுத்தார்கள் என்று உலகமயம் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் 1992-ல் கட்டிய அணை, சில வருடங்களிலேயே, ஏற்றுமதிப் பனியன் துணிக்குச் சாயம் போடும் திருப்பூர் பட்டறைகளின் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் ஒரு நாள் வைத்தால் உள்ளே வெள்ளையாக உப்புப் படியும். இளநீர்கூடக் கரித்தது. சோறாக்க அம்மா தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடப்பார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், விவசாயிகளுக்குப் பனியன் கம்பெனிகள் மேல் பொறாமை என்று எழுதியிருக்கிறார். இல்லைங்க, என் அண்ணனே பனியன் கம்பெனி டெய்லர்தான்; தென்னை பட்டுப்போன பிறகு அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. நாங்கள் கேட்டதெல்லாம் கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடாதீர்கள் என்பது மட்டும். சொட்டுக் கழிவும் ஆற்றுக்கு வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-லேயே சொன்னது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது பலருக்கு வேலை போனது உண்மை, அண்ணனும் இரண்டு மாதம் சும்மா இருந்தார். ஆனால் அதற்கப்புறம்தான் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்தன, ஏற்றுமதியும் வளர்ந்தது. மலிவு விலைக்குத் துணி வாங்கிப்போன வெளிநாட்டுக் கடைகள் அந்தச் சுத்திகரிப்புச் செலவில் எவ்வளவு பங்கு போட்டன என்பதையும் கட்டுரையாளர் எழுத வேண்டும்.