மொட்டைத் தலைப் பிள்ளையின் படம் போட மாட்டேன்

நான் அட்டை செய்துகொடுக்கும் இசை ஆல்பத்தில் ஒரு புற்றுநோயாளிப் பிள்ளையின் முகத்தைப் போடச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்படிப் போட்டால் விற்கும் என்று நினைத்தார்கள். விற்கவும் செய்யும். எனக்கு அதுதான் பயம்.

பறை, வில்லுப்பாட்டுக் குடம், உடுக்கை, ஒரு சாக்ஸபோன். எழுதிவைத்த மெட்டு கிடையாது. ஒருவர் தொடங்க மற்றவர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில் 1144 எக்டேரில் கனிம மணல் அள்ளும் திட்டத்தை எதிர்த்து வாசித்தது. வரும் பணம் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வரும் நம்மூர் நோயாளிகளின் செலவுக்கு.

இந்த மணலின் கதிர்வீச்சால்தான் புற்றுநோயா என்பதை ஆய்வு சொல்லட்டும். பிள்ளையின் படத்தைப் போட்டால் அந்தப் பிள்ளையை நாமே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். "சம்மதம் வாங்கிட்டா போச்சுல்லா" என்றார் ஒரு தம்பி. மருந்துக்குப் பணம் தருகிறவனிடம் எந்த அம்மா முடியாது என்பாள்?

1960இல் அமெரிக்க ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச் கொண்டுவந்த 'வீ இன்சிஸ்ட்' ஆல்பத்தின் அட்டையைத் தேடிப் பாருங்கள். அந்த வருடம் அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவக மேசைகளில் உட்கார்ந்து போராடினார்கள். அட்டையிலும் அப்படி ஒரு மேசைதான். உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பி நம்மைப் பார்க்கிறார்கள். அடிபட்டவன் இல்லை, அழுகை இல்லை. ஆனாலும் விஷயம் புரிகிறது.

நான் எடுத்தது மணல். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஆனி ஆடிக் கடல் அடித்து ஓய்ந்தபின் கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இல்மனைட் கறுப்பும் கார்னெட் சிவப்பும் வரிவரியாகக் கிடக்கும். கதிர்வீசும் தோரியம் இருக்கும் மோனசைட் தேன் நிறம், உற்றுப் பார்த்தால்தான் சிக்கும். ஸ்கேனர் கண்ணாடியில் கீறல் விழாமல் ஓஎச்பி ஷீட் என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை விரித்து, மணலைக் கொட்டி, ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, பறை ஏறும்போது கையால் இழுத்தேன். அப்படியே ஸ்கேன். திருத்தவில்லை, அவர்களும் திருத்தி வாசிக்கவில்லையே. 3000 பிக்சல் சதுரமாகக் கொடுத்தாலும் போனில் அது தபால்தலை அளவுதான். அந்த அளவில் போராட்ட அட்டைகளில் வழக்கமாக வரும் உயர்த்திய முஷ்டி வெறும் கறையாகிவிடும், இந்தச் சிவப்பும் கறுப்பும் நிற்கும்.

"அண்ணே, பாக்குத ஆளுக்கு ஒண்ணும் விளங்காதே" என்கிறார்கள். விளங்க வேண்டியதைப் பின்னட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்: பாட்டை விற்கும் இணையதளம் பிடிக்கும் கமிஷன் எவ்வளவு, ஸ்டுடியோ வாடகை எவ்வளவு, மீதி யார் கைக்கு, எப்படி. தரும காரியம் என்று சொல்லி வரும் முக்கால்வாசி அட்டைகளில் கண்ணீர் இருக்கும், இந்தக் கணக்கு இருக்காது. எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லி இன்றும் போன் வந்தது. முடியாது என்றேன்.