வைன் எமுலேட்டர் இல்லீங்ணா

"லினக்ஸ்ல விண்டோஸ் கம்பைலர் ஓட்ட வைன் லாயக்கில்ல, அது எமுலேட்டர், உள்ள முழு விண்டோஸே ஓடுது, லைசென்ஸும் வாங்கோணும்"னு மேல ஒரு அண்ணன் எழுதியிருக்காருங்க. (கம்பைலர்னா நாம எழுதுன கோடை மெஷின் கோடா மாத்தற புரோகிராம்.) காலேஜ் பசங்க நெறைய பேர் படிக்கிற இடம், அதனால சொல்றேன். இது தப்புங்ணா.

எமுலேட்டர்னா வேற ஒரு கம்ப்யூட்டராட்டமே நடிக்கிற புரோகிராம். விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டறதுக்காக 1993-ல ஆரம்பிச்ச வைன் அப்படியில்ல, இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்ல புரோகிராமோட மெஷின் கோடை நேரா பிராசஸர்லயே ஓட விடுது. ஃபைலைத் திற, மெமரி குடுன்னு புரோகிராம் விண்டோஸைக் கேக்குற இடத்துலதான் வைன் குறுக்க வந்து, அதை லினக்ஸ் வேலையா மாத்திக் குடுக்குது. விண்டோஸ் லைசென்ஸ் வேண்டாம். கம்பைலரோட லைசென்ஸ் தனிங்க, அதைப் படிச்சுக்கோங்க.

கோவை கணபதியில மோட்டார் கண்ட்ரோலர் போர்டு பண்ற பட்டறைக்கு நான் இப்படித்தான் தினமும் பில்டு (கோடை போர்டுல ஏத்தற ஃபைலா மாத்தறது) எடுக்கறேன். முதல் நாள் கம்பைலர் ஃபைலையே எடுத்துக்கல. ஃபைல் இருக்கற இடத்தைச் சொல்ற பாத், லினக்ஸ்ல சாய்கோட்டுல (/) தொடங்குனதால, கம்பைலர் அதை ஆப்ஷன்னு எடுத்துக்கிச்சு. 'வைன்பாத்' கட்டளைக்கு '-டபிள்யூ' போட்டு விண்டோஸ் பாத்தா மாத்திக் குடுத்தா சரியாப் போச்சு. இசட் டிரைவ்னு வரும், அதுதான் லினக்ஸ்ல எல்லா ஃபோல்டருக்கும் மேல இருக்கற நம்ம ரூட்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் கம்பைலர் புதுசாத் தொடங்கறப்ப கொஞ்சம் நேரம் புடிக்கும், நெசம். 'வைன்சர்வர்' கட்டளையை '-பி' போட்டு முன்னாடியே ஓட்டி வெச்சிருங்க, வைனோட பின்னணி வேலை ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து தொடங்காது.

அண்ணன் சொன்னதுல ஒண்ணு சரிங்க: போர்டுல கோடு ஏத்தற யுஎஸ்பி டிவைஸோட விண்டோஸ் டிரைவர் (அந்த டிவைஸை ஓட்டற மென்பொருள்) பெரும்பாலும் வைன்ல ஏறாது. அதுக்கு லினக்ஸ் டூல் இருந்தா பாருங்க, இல்லீன்னா அந்த ஒரு வேலைக்கு மட்டும் விண்டோஸ் மெஷின் வேணும்.