இவனையாவது கொல்லட்டுமே என்பவர்களுக்கு

2000 அக்டோபர். அமெரிக்க அதிபர் தேர்தலின் இரண்டாவது விவாதம். இனம், மதம் பார்த்துச் செய்யும் வெறுப்புக் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று பேச்சு வந்ததும், டெக்சாஸில் கொல்லப்பட்ட ஜேம்ஸ் பேர்டின் பெயரை அல் கோர் எடுத்தார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ் அப்போது அந்த டெக்சாஸுக்கே கவர்னர். மனிதர் அசரவில்லை. பேர்டைக் கொன்ற மூன்று பேருக்கும் என்ன ஆகப்போகிறது தெரியுமா, மரண தண்டனை, அதற்கு மேல் என்ன பெரிதாகத் தண்டித்துவிட முடியும் என்கிற தோரணையில் பதில் சொன்னார்.

தகவலே தப்பு. மூவரில் இருவருக்குத்தான் மரண தண்டனை, ஷான் பெர்ரிக்கு ஆயுள். அது போகட்டும். பேர்டின் பெயரில் வந்த வெறுப்புக் குற்ற மசோதா அதற்கு முந்தைய வருடம்தான் டெக்சாஸ் செனட்டில் முடங்கிச் செத்திருந்தது. பேர்டின் மகள் கவர்னரை நேரில் பார்த்தே கேட்டிருந்தார். நடக்கவில்லை. ஏன் சட்டம் வரவில்லை என்றால், அதான் கொல்லப் போகிறோமே என்கிறார் புஷ். இனவெறிக் கொலைகாரனுக்கு மரண தண்டனை என்றதும் கைதட்டும் நண்பர்களிடம் நான் சொல்ல வருவது இதைத்தான்: அந்தத் தண்டனை யாருக்கு வசதியாக இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

ஜேம்ஸ் பேர்டுக்கு நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1998 ஜூன் 7, ஞாயிறு விடியற்காலை, டெக்சாஸின் கிழக்கே ஜாஸ்பர் என்கிற சின்ன ஊர். 49 வயதுக் கறுப்பினத்தவர், ரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தார். பிக்கப் வண்டியில் வந்த மூன்று வெள்ளையர்கள் ஏற்றிக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே அடித்து, கணுக்காலைச் சங்கிலியால் வண்டியின் பின்னால் கட்டி, ஹஃப் கிரீக் ரோட்டில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலான தூரம் அவருக்கு உயிர் இருந்தது என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் சாட்சி சொன்னார். வழியில் ஒரு சிறு பாலத்துக் குழாயில் மோதித்தான் உயிர் போயிருக்கிறது. மிச்சத்தைக் கறுப்பர்களின் கல்லறை ஒன்றின் முன்னால் போட்டுவிட்டுப் போனார்கள். மூவரில் ஒருவனான ஜான் கிங் தன் உடம்பில், கறுப்பர் ஒருவர் மரத்தில் தொங்குவது போலப் பச்சை குத்தியிருந்தான்.

இதைப் படித்துவிட்டு எவனுக்கு ரத்தம் கொதிக்கவில்லையோ அவனோடு எனக்குப் பேச்சே இல்லை. கோபத்தைக் குறை சொல்ல நான் யார்? பேர்டின் குடும்பத்திலேயே ஒருமித்த கருத்து இல்லை. மகன் ராஸ் பேர்ட், அப்பாவைக் கொன்றவர்களையும் அரசு கொல்லக் கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். சகோதரிகள் வேறு மாதிரி நினைத்தார்கள், தண்டனை நிறைவேறுவதைப் போய்ப் பார்த்தார்கள். இரண்டுமே எனக்குப் புரிகிறது. என் பேச்சு அரசைப் பற்றி.

2011 செப்டம்பர் 21-க்கு வருகிறேன். அன்று மாலை ஹன்ட்ஸ்வில் சிறையில் மூவரில் ஒருவனான லாரன்ஸ் புரூவருக்கு விஷ ஊசி. சாவதற்கு முன் தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டியில், வருத்தமே இல்லை, மறுபடியும் செய்வேன் என்றான். கடைசிச் சாப்பாட்டுக்கு அவன் கொடுத்த பட்டியல்: இரண்டு சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக், மூன்றடுக்கு சீஸ் பர்கர், ஆம்லெட், ஒரு கிண்ணம் வெண்டைக்காய் வறுவல் (ஆமாம், நம்ம வெண்டைக்காய்தான்), பார்பெக்யூ இறைச்சி, ஃபஹீட்டா, பீட்சா, ஐஸ்கிரீம், வேர்க்கடலைப் பர்ஃபி மாதிரி ஒன்று, மூன்று ரூட் பீர். எல்லாம் வந்தது. ஒரு வாய்கூடத் தொடவில்லை. ஜான் விட்மையர் என்கிற மாநில செனட்டருக்கு வந்ததே கோபம்! கடிதம் எழுதினார், மறுநாளே டெக்சாஸ் சிறைகளில் கடைசி விருப்பச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பேர்டின் பெயரில் சட்டம் வர மூன்று வருடம், அதுவும் புஷ் வாஷிங்டனுக்குப் போன பிறகு. சாப்பாட்டை நிறுத்த ஒரே நாள். எது அவசரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே இரவு ஜார்ஜியாவில் டிராய் டேவிஸ். கறுப்பினத்தவர். 1989-இல் சவானா நகரில் வெள்ளைப் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டதாக வழக்கு. துப்பாக்கி கிடைக்கவே இல்லை. போலீஸ்காரர் அல்லாத ஒன்பது சாட்சிகளில் ஏழு பேர் பிறகு வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார்கள் அல்லது மாற்றினார்கள். போப்பிலிருந்து முன்னாள் அதிபர் கார்ட்டர் வரை கேட்டுப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் சில மணி நேரம் தாமதித்துவிட்டு மறுத்தது. இரவு 11.08-க்கு டேவிஸ் இறந்தார். கடைசி மூச்சு வரை நான் செய்யவில்லை என்றார்.

ஒரே நாளில் ஒரு வெள்ளை இனவெறியனும், குற்றம் சந்தேகத்தில் இருந்த ஒரு கறுப்பரும். 'பாருங்கள், சட்டத்துக்கு நிறம் கிடையாது' என்று அன்றைக்கும் சிலர் எழுதினார்கள். நிறம் கிடையாதா? 1976-இல் மரண தண்டனை திரும்ப வந்ததிலிருந்து, வெள்ளையரைக் கொன்றதற்காகக் கொல்லப்பட்ட கறுப்பர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். கறுப்பரைக் கொன்றதற்காகக் கொல்லப்பட்ட வெள்ளையர்கள் இருபது சொச்சம். அந்த இருபது சொச்சத்தில் ஒருத்தன்தான் புரூவர். அவனைக் காட்டியே மிச்சத்தை மறைத்துவிடலாம்.

இதை நீதிமன்றத்துக்குத் தெரியாமல் நடத்தவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். வாரன் மெக்ளெஸ்கி என்கிற கறுப்பரின் வழக்கில், ஜார்ஜியாவின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளை அலசிய ஆய்வு ஒன்றை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். வெள்ளையரைக் கொன்றவருக்கு மரண தண்டனை விழும் வாய்ப்பு, கறுப்பரைக் கொன்றவரைவிட 4.3 மடங்கு. 1987-இல் தீர்ப்பு, ஐந்துக்கு நான்கு. ஆய்வு சரி என்றே வைத்துக்கொண்டாலும், உன் வழக்கில் உன்மேல் வேண்டுமென்றே பாரபட்சம் காட்டினார்கள் என்று நிரூபி என்றது பெரும்பான்மை. தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வாக்கை மாற்ற முடிந்தால் அந்த வழக்கில்தான் மாற்றுவேன் என்றார். மெக்ளெஸ்கியை 1991-இல் மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

சரி, அப்படியென்றால் இனவெறியனை என்னதான் செய்வது என்பீர்கள். அலபாமாவில் ஒரு அம்மா செய்து காட்டியிருக்கிறார்.

1981 மார்ச், மொபைல் நகரம். வெள்ளைப் போலீஸ்காரரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் ஒருவரின் வழக்கில் ஜூரி முடிவுக்கு வர முடியவில்லை. அதற்குப் பழிவாங்கக் கண்ணில் படும் யாராவது ஒரு கறுப்பரைக் கொல்லலாம் என்று கூ கிளக்ஸ் கிளான் என்கிற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் இருவர் கிளம்பினார்கள். மாட்டியது மைக்கேல் டொனால்ட், 19 வயது. அந்த வழக்குக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கொன்று, ஹெர்ண்டன் அவென்யூவில் ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். உள்ளூர் போலீஸ் முதலில் போதைமருந்து விவகாரம் என்று கதை கட்டியது. அம்மா பியூலா மே டொனால்ட் விடவில்லை. சவப்பெட்டியை மூடாதீர்கள், என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்றார். கடைசியில் எஃப்பிஐ வந்தது, கிளான் ஆட்கள் பிடிபட்டார்கள். ஹென்றி ஹேஸ் என்பவனுக்கு ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது, நீதிபதி அதை மீறி மரண தண்டனை கொடுத்தார். 1997-இல் மின்சார நாற்காலி. கறுப்பரைக் கொன்றதற்காக அலபாமா ஒரு வெள்ளையரைக் கொன்றது 1913-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

அந்த அம்மா அதற்குப் பத்து வருடம் முன்பே வேறொன்று செய்திருந்தார். கொன்றவர்களோடு நிறுத்தாமல், அவர்களை வளர்த்த யுனைடெட் கிளான்ஸ் ஆஃப் அமெரிக்கா அமைப்பின் மீதே சிவில் வழக்குப் போட்டார். மோரிஸ் டீஸ் வாதாடினார். முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி 1987-இல் எழுபது லட்சம் டாலர் கொடு என்றது. கிளானிடம் அவ்வளவு எங்கே? டஸ்கலூசா பக்கம் இருந்த தலைமை அலுவலகக் கட்டடத்தின் பத்திரம் ஒரு கறுப்பினத் தாயின் பேருக்கு மாறியது. அதை விற்று அவர் தனக்கென்று ஒரு வீடு வாங்கினார். அந்த அமைப்பு பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்த வழக்கு விசாரணையின்போது கொலையில் கூட்டாளியான டைகர் நோல்ஸ் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். மன்னித்து ரொம்ப நாளாகிறது என்றார் அவர்.

ஹேஸ் செத்ததால் கிளானுக்கு ஒரு மயிரும் உதிரவில்லை. பத்திரம் கை மாறியதில்தான் முதுகெலும்பு உடைந்தது. எனக்கு இந்தக் கணக்கு போதும்.

நம் பக்கத்து ஆட்களும் இதில் உண்டு. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு டல்லாஸ் பகுதியில் மார்க் ஸ்ட்ரோமன் என்பவன், 'அரபுக்காரர்களை'ப் பழிவாங்குகிறேன் என்று கடைகளுக்குள் புகுந்து சுட்டான். இறந்தவர்கள் பாகிஸ்தானி வகார் ஹசன், இந்தியர் வாசுதேவ் படேல். ஒருவர்கூட அரபு இல்லை. முகத்தில் சுடப்பட்டு ஒரு கண்ணில் பார்வை போன வங்கதேசத்துக்காரர் ரயீஸ் பூயான், ஸ்ட்ரோமனைக் கொல்லாதீர்கள் என்று டெக்சாஸ் அரசின் மீதே வழக்குப் போட்டார். அரசு கேட்கவில்லை. 2011 ஜூலையில் ஊசி போட்டது. பாதிக்கப்பட்டவருக்காகத்தான் கொல்கிறோம் என்ற பேச்சு, பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்றதும் எங்கே போனது?

பைடன் 2024 டிசம்பரில் மத்திய அரசின் மரண தண்டனைக் கைதிகள் 40 பேரில் 37 பேருக்கு ஆயுளாகக் குறைத்தார். குறைக்காமல் விட்ட மூவரில் இருவர் வெறுப்புக் கொலைகாரர்கள்: பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேரைக் கொன்றவன், சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 கறுப்பர்களைக் கொன்ற டிலன் ரூஃப். தவறு என்று கொள்கையாகச் சொன்ன ஒன்றுக்கு விதிவிலக்கு எழுதினால் அது கொள்கையே இல்லை. நாளைக்கு வருகிறவர் அந்த விதிவிலக்கை அகலப்படுத்துவார், அவ்வளவுதான்.

ரூஃப் 2015 ஜூன் 17 இரவு, பைபிள் வகுப்பில் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது சுட்டான். இறந்தவர்களில் போதகர் கிளெமென்டா பிங்க்னியும் ஒருவர், அவர் தெற்கு கரோலினாவின் மாநில செனட்டரும்கூட. அவர் பெயரில் வெறுப்புக் குற்றச் சட்ட மசோதா ஒன்று 2021-இல் அந்த மாநிலக் கீழவையில் நிறைவேறியது. பிங்க்னி உறுப்பினராக இருந்த அதே செனட்டில் போய் முடங்கியது. 2023-இல் மறுபடியும் கீழவை நிறைவேற்றியது, மறுபடியும் செனட்டில் முடக்கம். அதே 2021-இல் இன்னொரு மசோதா மட்டும் சிக்கல் இல்லாமல் இரண்டு அவையும் தாண்டி கவர்னர் கையெழுத்தும் வாங்கியது. விஷ ஊசிக்கு மருந்து கிடைக்காததால், மின்சார நாற்காலியிலோ துப்பாக்கியால் சுட்டோ தண்டனையை நிறைவேற்றலாம் என்ற சட்டம் அது. 2025 மார்ச்சில் அதன்படி ஒருவரைச் சுட்டும்விட்டார்கள்.