ரெண்டு தோட்டா

நேற்று ராத்திரி எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். அவன் எடுத்ததில்லை, எங்கிருந்தோ சுற்றிக்கொண்டு வந்தது. ஏதோ ஒரு மானாவாரிக் கொல்லை, ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசி அப்படியே உட்கார்ந்திருக்கிற ஒரு முயல், "டப்" என்று ஒரு சத்தம், அது சாய்கிறது, நாலு பேர் சிரிக்கிறார்கள். கீழே ஒருத்தர், "பொங்கல் வருது, பாரிவேட்டைக்கு ரெடியா" என்று கேட்டிருக்கிறார். இன்னொருத்தர், "இது பாயிண்ட் டூ டூ தானே, பொம்மைத் துப்பாக்கி, இதுக்கெல்லாம் கேஸ் வராது." அப்புறம் வீடியோ போட்ட அந்த மருமகனே, "மாமா, நீங்க சின்ன வயசுல இதைத்தானே வெச்சிருந்தீங்க, நம்ம பரம்பரை விளையாட்டு இது, சொல்லுங்க இவங்களுக்கு" என்று எழுதியிருந்தான்.

நாலு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

ஆமாம், அந்த பாயிண்ட் டூ டூ, அதாவது 0.22 அங்குலக் குழல் துப்பாக்கியை வைத்திருந்தோம். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற வழியில் எங்கள் ஊர். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965ல். அதற்கு முன்னால், இதெல்லாம் சேலம் ஜில்லாவாக இருந்தபோதே, தாத்தா லைசென்ஸ் எடுத்து பெங்களூரில் வாங்கிய துப்பாக்கி அது. இங்கிலாந்து பி.எஸ்.ஏ. கம்பெனி. அந்தப் பெயரைச் சொன்னால் நமக்கு சைக்கிள்தான் ஞாபகம் வரும், ஆனால் பர்மிங்காமில் அந்தக் கம்பெனியை 1861ல் ஆரம்பித்ததே துப்பாக்கி செய்வதற்குத்தான், அதன் முத்திரையே மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய படம். ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு அடிக்கிற ஒற்றைத் துப்பாக்கி. கட்டை தாத்தாவின் கன்னம் பட்டுப் பட்டு ஒரு இடத்தில் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும். தையல் மெஷின் எண்ணெயும் ஈயமும் வெடிமருந்தும் கலந்த அந்த வாசனை, இதை எழுதும்போதுகூட எனக்கு வருகிறது.

அதன் தோட்டாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. குண்டின் தடிமன் 5.6 மில்லிமீட்டர், எடை சுமார் 2.6 கிராம், அதாவது ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய தோட்டாக்களில் அடிப்பக்கம் நடுவில் தீ மூட்டுகிற மருந்து வைத்த ஒரு சின்ன மூடி இருக்கும், துப்பாக்கியின் ஊசி அதில் குத்தும். இதில் அப்படி எதுவும் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே மருந்து ஓடியிருக்கும், ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் தீப்பிடிக்கும். நசுங்க வேண்டும் என்பதற்காகவே பித்தளை மெல்லிசு, பித்தளை மெல்லிசு என்பதால் உள்ளே பெரிய அழுத்தம் தாங்காது, அதனால்தான் இந்த ஜாதித் தோட்டாவெல்லாம் சின்னதாகவே இருக்கிறது. ஒரு தடவை நசுங்கினால் மறுபடி மருந்து போட்டு உபயோகிக்கவும் முடியாது. நாம் இன்றைக்குப் பார்க்கிற நீளத் தோட்டா 1887ல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது, இன்னமும் அதேதான்.

வெறும் துப்பாக்கியை விசை தட்டி விளையாடினால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். தோட்டா இல்லாத நேரத்தில் ஊசி நேராகப் போய்க் குழலின் பின்பக்க இரும்பு விளிம்பிலேயே அடிக்கும், அங்கே பிசிறு எழுந்தால் அப்புறம் தோட்டா சரியாக உட்காராது. காரணமெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது "தட்டாதே" என்பது மட்டும்தான்.

எங்கள் பக்கம் அப்போது வீட்டுக்கு வீடு என்று சொல்கிற அளவுக்கு இருந்தது மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாகக் கரிமருந்து, அதன் மேல் துணி, அதன் மேல் பால்ரஸ் அல்லது ஈய ரவை, கம்பியால் குத்திக் குத்தி இறுக்குவார்கள். அடித்தால் ஊருக்கே கேட்கும், புகை கலைகிற வரைக்கும் முன்னால் என்ன ஆச்சு என்றே தெரியாது. ரவை சிதறிப் போய்ப் பட்ட இடத்தில் படும். அதில் விரல் போனவர்களை, ஒரு கண் போனவரை எனக்குத் தெரியும். அதைத் தூக்கித் திரிந்தவர்கள்தான் எங்கள் துப்பாக்கியைப் பார்த்து "பொம்மை" என்று முதலில் சொன்னவர்கள். சத்தம் கம்மி, தோளில் உதை இல்லை, புகை இல்லை. பொம்மை மாதிரிதான் தெரியும்.

அப்பா கொல்லைக்குக் கிளம்பும்போது இரண்டு தோட்டாதான் எடுப்பார். மூன்றாவது எடுத்து நான் பார்த்ததில்லை. லைசென்ஸில் வருஷத்துக்கு இத்தனை என்று எழுதியிருக்கும், வாங்க பெங்களூர் போகணும், பஸ் செலவு வேறு. ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒரே ஒரு சின்னக் குண்டு. அது தலையில் படணும், இல்லாவிட்டால் முயல் அடிபட்டு ஓடி எங்கேயோ புதருக்குள் கிடந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். அதனால் நாற்பது அடிக்குள் வராத முயலை அப்பா அடிக்கமாட்டார். ஓடுகிற முயலை அடிக்கமாட்டார். லைட் போட்டு அடிக்கவே மாட்டார். "கண்ணு கூசி நிக்கிறதை அடிக்கிறது வேட்டையா, அது கறிக்கடை" என்பார். கார்த்திகை, மார்கழியில் விடிகிற நேரம், கொள்ளுக் கொல்லை வரப்பில் பனியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். பேசக்கூடாது, இருமக்கூடாது. கரட்டுப் பக்கமிருந்து கவுதாரி கத்த ஆரம்பிக்கும். குஞ்சுகளோடு வருகிற கவுதாரியை அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார், கை துப்பாக்கிப் பக்கம் போகாது. பத்து நாள் போனால் எட்டு நாள் இரண்டு தோட்டாவும் திரும்பி வீட்டுக்கு வந்துவிடும். ஒன்பதாவது நாள் அம்மா கேழ்வரகுக் களி கிண்டி, கொத்தமல்லி வறுத்து அரைத்து முயல் குழம்பு வைத்தால், அண்டை வீட்டுக்கும் எங்கள் கொல்லையில் ஆடு மேய்த்த பெரியவருக்கும் கிண்ணத்தில் போகும். ஒரு முயலை எத்தனை வீடு சாப்பிடும் என்று நினைக்கிறீர்கள்? எங்களுக்கு நாலு துண்டுகூட வராது. அந்த ருசியை மறக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

இப்போது என் விஷயம். எனக்குப் பதினைந்து வயது. அப்பா முதன்முதலாக என் கையில் கொடுத்த தை மாதம். கொல்லைக்குத் தெற்கே ஒரு சொட்டைப் பாறை, வெயில் ஏறினால் கவுதாரி வந்து நிற்கும். வந்தது. நான் பாறையில் நிற்கிற கவுதாரியை மட்டும் பார்த்தேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அடித்தேன், கவுதாரி பறந்துவிட்டது, குண்டு பாறையில் பட்டு "ஙொய்ங்ங்" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு எழும்பிப் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், வயிற்றுக்குள் ஏதோ புரளும். கொஞ்ச நேரத்தில் கிணற்று மேட்டிலிருந்து ஒரு பெண் கத்தினார். ஓடினோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் வைத்திருந்த மண்குடம் உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

அப்பா என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து துப்பாக்கியின் போல்ட்டை, அது இல்லாமல் சுடவே முடியாத அந்த இரும்புத் தண்டை, கழற்றி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஒரு புதுக்குடம் வாங்கி என் தலையில் வைத்து அவர்கள் வீட்டுக்கு நடக்கவிட்டார், அந்த அக்கா காலில் விழச் சொன்னார், அப்புறம் அவரும் கைகூப்பி நின்றார். ஊரில் யாரிடமும் கைகட்டி நிற்காத மனுஷன். அந்த போல்ட் ஒரு வருஷம் அவரிடமேதான் இருந்தது.

தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்தே விற்பார்கள். அப்பா இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், அவருக்கு அது தெரிந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த எனக்குத் தெரியவில்லை. நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிற ஈயம், பாறையில் பட்டாலும் ஏரித் தண்ணீரில் பட்டாலும் தட்டிக்கொண்டு திசை மாறிப் போகும். நம் மாவட்டத்தில் பாறை இல்லாத இடம் எது சொல்லுங்கள்? பெரிய துப்பாக்கியைக் கையில் எடுத்தால் யாருக்கும் ஒரு பயம் வரும். இதில் அந்தப் பயம் வருவதில்லை, அதனால்தான் இது மோசமானது. பொம்மை என்று சொல்கிற வாயை நான் மூடச் சொல்கிறேன், கோபமாகவே சொல்கிறேன்.

கேஸ் வராது என்பது சுத்தப் பொய். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது முயல், காடை, கவுதாரி எல்லாம் சிறு வேட்டை என்ற பட்டியலில் இருந்தன, அதற்குத் தனியாக உரிமம் வாங்கி அடிக்கலாம். எங்கள் ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த பலர் அந்த இரண்டாவது உரிமத்தை வாங்கியதே இல்லை. அப்பாவும் வாங்கவில்லை. அது தப்புதான், அப்பா என்பதற்காக நான் அதை மறைக்கப் போவதில்லை. 1991 திருத்தத்தோடு அந்த உரிமமும் போய்விட்டது. இன்றைக்கு முயலைத் துப்பாக்கியால் அடித்தாலும் குற்றம், ஏர்கன்னால் அடித்தாலும் குற்றம், கண்ணி வைத்தாலும் நாயை விட்டுப் பிடித்தாலும் குற்றம். திறன் குறைந்த சின்ன ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் வேட்டைக்கும் அனுமதி என்று பசங்கள் நம்புகிறார்கள், இரண்டும் வேறு வேறு. காட்டோரக் கிராமங்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீசும் வனத்துறையும் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இன்னமும் கூரையில் சொருகி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

காட்டுப்பன்றி நிலக்கடலையை உழுதுவிட்டுப் போகிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று ஒரு பங்காளி கேட்பார், எனக்குத் தெரியும். நானும் விவசாயிதான், என் கடலையும் போயிருக்கிறது, அந்த வயிற்றெரிச்சல் உண்மை. ஆனால் அதற்கும் இந்தத் துப்பாக்கிக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் குண்டால் பன்றியைக் காயப்படுத்தத்தான் முடியும், காயம்பட்ட பன்றி மறுநாள் காலை தண்ணீர் பாய்ச்ச வருகிறவரைக் குத்தும். அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கிற நாட்டு வெடி, வைப்பது அதைவிடப் பாவம், பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் கிழிந்து பட்டினியாகச் செத்திருக்கிறது. பன்றிக்கு அரசாங்கம்தான் வழி செய்யணும், அதற்காக மனு கொடுக்க, சாலையில் உட்கார எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன்.

சரி, இந்தத் துப்பாக்கியே வேண்டாமா என்றால், வேண்டும். எனக்கு அதன் மேல் பிரியம் போகவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிரத்துப் பையன் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வாங்கினாரே, அது இதே விளிம்புத் தோட்டாதான். அந்த அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், 50 மீட்டர் தூரத்திலிருந்து. நின்று, மண்டியிட்டு, படுத்து, மூச்சைப் பிடித்து அடிக்கணும். கொள்ளுக் கொல்லை வரப்பில் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பொறுமைதான் அங்கேயும், ஒரு உயிரும் போகாமல். பென்னாகரத்திலும் அஞ்செட்டியிலும் உண்டிவில்லால் புளியங்காயைக் காம்போடு அறுத்து விழவைக்கிற பசங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு ஒழுங்கான பயிற்சி மைதானம், ஒரு நல்ல பயிற்சியாளர், அரசாங்கச் செலவில் தோட்டா, இது கிடைத்தால் போதும். வேட்டை வீடியோவைப் பகிர்கிற நேரத்தில் இதைக் கேளுங்களேன், நம் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளில் கேளுங்கள்.

அப்பா போன பிறகு துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். கையெழுத்துப் போடும்போது அண்ணனுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். சுவரில் அது மாட்டியிருந்த இரண்டு மர முளைகள் இன்னும் இருக்கின்றன.

மாப்ளே, இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் மேல் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா. அந்தச் சொட்டைப் பாறை அப்படியேதான் இருக்கிறது, கிணறு தூர்ந்துவிட்டது, மேடு மட்டும் இருக்கிறது. பாறையிலிருந்து அந்த மேடு வரைக்கும் இரண்டு பேரும் நடந்து பார்ப்போம். நான் எண்ணியிருக்கிறேன், முந்நூற்று எண்பது தப்படி.