ஆயிரம் ரூவாதானே அண்ணாச்சி!

காரில் 93 கிலோமீட்டர் வேகத்தில் போனேன் என்று எனக்கு ஆயிரம் ரூபாய் அபராதச் சலான் வந்தது. நான் அப்படிப் போகவில்லை என்று சொல்லி அதன் படத்தைச் சனிக்கிழமை போட்டிருந்தேன். அதற்குக் கீழே வந்த கருத்துகளை ஒன்று விடாமல் படித்துவிட்டேன். பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "ஆயிரம் ரூவாதானே அண்ணாச்சி, கெட்டிட்டுப் போங்களேன்." சிலர் சிரிப்புப் பொம்மையை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேருக்கு என் கடையில் பற்று இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன்.

ஆயிரம் ரூபாய் என்னிடம் இருக்கிறது. 93 கிலோமீட்டர் வேகம்தான் என்னிடம் இல்லை. அன்றைக்குச் சத்தியமாக இல்லை.

பின்சீட்டில் அம்மா. இடுப்பு எலும்பில் கம்பி வைத்து ஒன்பதாவது நாள். பாளையங்கோட்டையில் டிஸ்சார்ஜ் முடித்து வள்ளியூருக்குக் கூட்டி வருகிறோம். என் மனைவி ஒரு கையால் தலையணையையும் மறு கையால் அம்மாவின் தோளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குலுங்கக் கூடாது என்று டாக்டர் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். நாலுவழிச் சாலையில் இடது ஓரமாக நாற்பது, நாற்பத்தைந்தில் வந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்த அடியில் என் காதுதான் குலுங்கியது. அம்மாவே பொறுக்கமாட்டாமல், "ஏல, இப்படி உருட்டிக்கிட்டுப் போனா வீட்டுக்கு நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றாள். அந்தப் பயணத்துக்கு 24 நாள் கழித்து போனில் செய்தி வருகிறது: 60 போக வேண்டிய இடத்தில் 93 போனீர்கள், ஆயிரம் கட்டுங்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "யாரு, நீயா?" என்று சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கு வேண்டுமானால் ஆயிரம் கொடுக்கலாம்.

"மிஷின் பொய் சொல்லாது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, மிஷினோடுதான் எனக்குப் பிழைப்பே. நான் பலசரக்குக் கடைக்காரன். என் கடையில் இருக்கிற எலெக்ட்ரானிக் தராசை வருடம் ஒரு முறை சோதித்து முத்திரை வாங்க வேண்டும். சான்றிதழை ஆள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும். நாள் தாண்டினால் அபராதம். தராசு சரியாகவே காட்டினாலும் அபராதம்தான்.

அப்பா காலத்தில் இரும்புக் கல். அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி, ஈயத்தின்மேல் முத்திரை குத்துவார்கள். ஒரு தடவை சோதனைக்கு வந்த அதிகாரி அரைக் கிலோக் கல்லைப் புரட்டிப் பார்த்தார். முத்திரை தேய்ந்து போயிருந்தது. அப்பா பதறிப்போய், "சார், நிறுத்துப் பாருங்க, ஒரு குந்துமணி குறையாது" என்றார். நிறுத்துப் பார்த்தார்கள். குறையவில்லை. அந்த மனிதர் அமைதியாகச் சொன்னார்: "கல்லு சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. முத்திரை இல்லேன்னா இது வெறும் இரும்பு." அப்பா மறுபேச்சுப் பேசாமல் கட்டினார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. நாம் எடையில் ஏமாற்றுகிற கடை என்று தெருவில் நினைத்துவிடுவார்களோ என்றுதான் அவருக்குக் கவலை.

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஒரு கிலோ துவரம்பருப்பை நிறுக்கிற எனக்கே முத்திரை வேண்டும் என்றால், என்னை அளந்த கருவியின் முத்திரை எங்கே? இது நான் கற்பனை பண்ணிச் சொல்வது இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஸ்பீடு கன், கேமரா எல்லாம் அதில் வருகிறது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கருவி இருக்கிற பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளைக்குள் அனுப்ப வேண்டும். அதில் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். எனக்கு 24 நாள். இடம் என்கிற கட்டத்தில் "பைபாஸ் ரோடு" என்று மட்டும் போட்டிருக்கிறது. கன்னியாகுமரி வரைக்கும் பைபாஸ் ரோடுதானய்யா போகிறது!

படத்தில் தெரிகிற பாலத்தை வைத்து இடத்தை நானே கண்டுபிடித்தேன். அங்கிருந்து நாங்குநேரி டோல்கேட்டுக்கு இருபது கிலோமீட்டர் சுமார். பாஸ்டேக்கில் காசு எடுத்த நேரத்தையும் சலானில் இருக்கிற நேரத்தையும் கழித்தால் அரை மணிக்கு மேல் வருகிறது. அதாவது மணிக்கு நாற்பது கிலோமீட்டர் சுமார்தான். இதை எழுதியதும் ஒரு பொறியாளர், "சராசரி வேகம் வேறு, அந்த நொடியின் வேகம் வேறு சார்" என்று பாடம் எடுத்தார். சரி, வாஸ்தவம். நடுவில் ஒரு நொடி மட்டும் நான் 93க்குப் பாய்ந்துவிட்டு, மறுபடி நாற்பதுக்கு வந்து, அம்மாவின் தலையணையைச் சரிசெய்திருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன்.

என் மருமகன் இந்த மாதிரி கருவிகளைப் பற்றிப் படித்தவன். ரேடார் கருவியைச் சாலைக்குச் சாய்வாகப் பிடித்தால் உண்மை வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டுமாம், கூட்டிக் காட்டாதாம். அது எனக்கு எதிரான கட்சி. இருந்தாலும் எழுதிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். ஒரே நேரத்தில் ரெண்டு வண்டி வந்தால், பெரிய வண்டியில் பட்டுத் திரும்புகிற அலைதான் பலமாக இருக்கும், அதன் வேகம் பதிவாகிவிடலாம் என்றான். இப்போது சலான் படத்தை மறுபடி பாருங்கள். என் காருக்கு வலது பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பது என்ன? முழுநீள பஸ். இதை ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. சிரிப்புப் பொம்மை போட மட்டும் விரல் வந்துவிட்டது.

"வேகமா போறதாலதான் இத்தனை சாவு, அபராதத்தைக் குறை சொல்லாதீங்க" என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தார். டீச்சர், இதே நாலுவழிச் சாலையில் செத்துப்போன பிள்ளையின் பாடையைத் தூக்கிய தோள் இது. அவன் அப்பா என் பள்ளிக்கூடச் சேக்காளி. இன்றைக்கும் அவன் வீட்டு வாசலில் அந்த பைக் துருப்பிடித்துக் கிடக்கிறது, விற்க மனசில்லை. வேகத்துக்கு அபராதம் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? போன வருடம் ஹெல்மெட் போடாமல் மாட்டி ஆயிரம் கட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் நான் ஹெல்மெட் போடவில்லை. இதில் நான் வேகமாகப் போகவில்லை. இவ்வளவுதான் வித்தியாசம். இது ஏன் யாருக்கும் புரியமாட்டேன் என்கிறது?

இணையத்தில் ரெண்டு முறை ஆட்சேபம் போட்டேன். டோல் செய்தி, டிஸ்சார்ஜ் சீட்டு, பஸ்ஸைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்ட படம், எல்லாம் இணைத்தேன். பதில் ஒரே வரி: அபராதம் சரியானது. எப்படிச் சரி என்று கேட்க அதற்குக் கீழே கட்டம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 183(3) என்ன சொல்கிறது தெரியுமா? வேகமாகப் போனான் என்பது ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயமாக மட்டும் இருந்தால், அதை வைத்துத் தண்டிக்க முடியாது, கருவி கொண்டு அளந்ததாக இருக்க வேண்டும். அவ்வளவு ஜாக்கிரதையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கருவியைப் பற்றி நான் கேட்கக் கூடாதா?

"கடையை விட்டுட்டு அலையறது நஷ்டம்" என்கிறீர்கள். நஷ்டம்தான். ஒரு நாள் கடையை அடைத்தால் ஆயிரத்துக்கு மேல் போகும், பஸ் செலவு வேறு. எனக்குக் கணக்குத் தெரியாதா? கணக்கில்தானே உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் என்னிடம் பொட்டலம் வாங்கும்போது தராசைப் பார்ப்பதே இல்லை. அண்ணாச்சி நிறுத்தால் சரியாக இருக்கும் என்று பேசிக்கொண்டே பையை நீட்டுகிறீர்கள். அப்படிப்பட்டவன் 93 போகவில்லை என்று சொன்னால் மட்டும் பொய்யா?

சரி விடுங்கள். இந்தச் சலான் விசாரணைக்குத் திங்கட்கிழமை பத்தரைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கடை திறக்காது, பால் பாக்கெட்டுக்காரர்கள் எதிர்க் கடையில் வாங்கிக்கொள்ளவும். சாட்சி சொல்லத் தானும் வருவேன் என்று அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளைக் கூட்டிப் போனால் நாற்பதில்தான் போக முடியும். அதனால் எட்டரைக்கே கிளம்புகிறோம்.