கேட்டைத் திறந்தால் பேப்பர் இல்லை

இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கடலூரில் எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வரவில்லை. போடுகிற பையனுக்கு உடம்பு சரியில்லையோ, பண்டல் வண்டி லேட்டோ என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "சார், கூத்தப்பாக்கம் உள்பக்க லைனை எடுத்துட்டாங்க. உங்க தெரு, அடுத்த ரெண்டு தெரு எல்லாம் சேர்த்தே பதினெட்டு காப்பிதான் போகுது. கட்டுப்படியாகலையாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்கிறார்.

யாரிடம் சொன்னார்கள்? காசு கட்டியவன் நான், என்னிடம் ஒரு வார்த்தை இல்லையே! வருடச் சந்தா பிடிக்கும்போது மட்டும் வீடு தேடி வந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கையில் திணித்துவிட்டுப் போனார்கள்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்தரைக்கெல்லாம் காபி டம்ளரோடு வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார். அந்தப் பையன் சைக்கிளை விட்டு இறங்கவே மாட்டான். பேப்பரை மடித்து ஒரு முறுக்கு முறுக்கி வீசினால், துளசி மாடத்துக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் வந்து விழும். ஒருநாள்கூடக் குறி தப்பியதில்லை. மழை நாளில் மட்டும் இறங்கி வந்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போவான்.

அப்பா முதலில் பார்ப்பது தலைப்புச் செய்தியை அல்ல, கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களை. கூட வேலை பார்த்தவர்களில் யார் போனார், யார் இருக்கிறார் என்று அதில்தான் அவருக்குத் தெரியும். போன வாரம் முதுநகரில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் தவறிவிட்டார். பேப்பரில் வந்திருந்ததாம். எங்களுக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள். "எனக்கு யாரும் சொல்லலையேடா" என்று அப்பா கேட்டதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இதற்கு வைத்தியமாக ஏஜென்ட் சொன்னது: "ஆப்புல படிக்கச் சொல்லுங்க சார்." சரி, அதையும் செய்து பார்த்தோம். துண்டு அகலத்துக்கு இருக்கும் பக்கத்தை உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். விரலால் பெரிதாக்கினால் பாதி வரி ஓடிவிடுகிறது, விட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு விளம்பரம் வந்து மூடும். அதை மூடப் போனால் ஓடிபி கேட்கும். நாலாவது நிமிடம் போனை என் கையில் கொடுத்துவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார்.

அப்புறம் நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறேன். அங்கேயும் ஏழு மணிக்குள் போயாக வேண்டும். விற்காததை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் கடைக்காரர் எண்ணி நாலைந்து காப்பிதான் வாங்கிப் போடுகிறார். மிச்சம் பிடிக்கிறார்களாம் மிச்சம்! என் பெட்ரோலிலும் என் தூக்கத்திலும் பிடித்ததற்குப் பெயர் மிச்சமா?

அவர்களுக்குச் செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிக் காகிதத்துக்குப் பத்து சதவீதம் வரி போட்டார்கள், அடுத்த ஆண்டு ஐந்தாகக் குறைத்தார்கள். 2022இல் உக்ரைன் போர் வந்து காகித விலை எகிறியது. கொரோனாவில் விளம்பரம் படுத்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் நகைக்கடை விளம்பரத்துக்கு முதல் பக்கத்தையே முழுசாகத் தூக்கிக் கொடுக்கும்போது காகிதம் கட்டுப்படியாகிறது. விடிவதற்கு முன் சைக்கிள் மிதிக்கிற பையனுக்குக் கொடுக்கும் அந்தச் சொற்பக் காசுதான் கட்டுப்படியாகவில்லை. கத்தி எப்போதும் அடிமட்டத்தில்தான் இறங்குகிறது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் பத்திரிகைகளும் இந்த வேலையைச் செய்தன. தினமும் வீட்டுக்குப் போட்டதை வாரத்தில் இரண்டு மூன்று நாளாகக் குறைத்தார்கள். ஆனால் 2008 டிசம்பரிலேயே ஊரறியச் சொல்லிவிட்டு, 2009 மார்ச் கடைசியில்தான் நிறுத்தினார்கள். அதுவும் எனக்குப் பிடித்த காரியம் இல்லை. ஆனாலும் காசு கட்டியவனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்கிற அளவுக்காவது மரியாதை இருந்தது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது கரண்ட் இல்லை, டிவி இல்லை, போன் சிக்னல் இல்லை. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அப்போது பேப்பர் போட்டவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த வேப்ப மரத்தைத் தாண்டி வந்து கொடுத்துவிட்டுப் போனார். நம் ஊருக்கு என்ன ஆனது என்றே அதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. ஒரு பேப்பரை ஏழு வீடு படித்தோம். அன்றைக்குக் கட்டுப்படியான தெரு, வெயில் காயும் நாளில் கட்டுப்படியாகவில்லையாம்.

சந்தாவில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருக்கிறது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நேற்று கேட்டேன். பணமாகத் தர மாட்டார்களாம், ஆப்பில் கூப்பனாகப் போட்டுவிடுகிறார்களாம்.