அவள் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு

சேலத்துக் கொலுசு வேலையை அறிந்தவர்களுக்கு அதன் கணக்கும் தெரியும். பட்டறைக்காரர் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார், முடித்த கொலுசை நிறுத்தே திருப்பி வாங்குவார், சேதாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டில் கொலுசு கோத்துக்கொண்டிருந்த பெண், வெள்ளிக்கு மட்டுமல்லாமல் வாசலைத் தாண்டிச் செலவிட்ட ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணவனிடம் அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. அவள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

அவள் உடம்பில் ஒரு காயத்தையும் நான் பார்த்ததில்லை. அவர் குடிப்பவரும் அல்லர். தணிந்த குரலில் பேசுவார், ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவார். ஆனால் அவளுக்கு வரும் அழைப்புகள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் ஒலிக்கும். வாரக் கூலி நேராக அவர் கைக்குப் போகும். மாதம் ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், பிறகு பொங்கலுக்கு மட்டும் போனாள், பிறகு அதுவும் நின்றது. யாரும் எதுவும் கேட்காதபோதே, "அவருக்குக் கோவம் வரும், ஆனா மனசு தங்கம்க்கா" என்பாள். இவற்றை எல்லாம் பார்த்துவிட்டு, அடக்கமான பெண் என்று அவளை நான் நாலு பேரிடம் புகழ்ந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

கணவனைக் கேட்டுவிட்டுச் செய்வது எத்தனையோ வீடுகளில் வழக்கம்தான். ஆனால் ஒருநாள் கேட்காமல் செய்துவிட்டால் என்ன நடக்கும் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. மற்ற வீடுகளில் ஒரு முணுமுணுப்போடு முடியும். இவளோ அந்தக் கேள்வியைக் கேட்டாலே முகம் வெளிறிப்போனாள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், அடிப்பதை மட்டுமல்ல, சொல்லால் இழிவுபடுத்துவதையும், மனத்தை வதைப்பதையும், சம்பாதித்த பணத்தைப் பறித்துக்கொள்வதையும் வன்முறை என்றே சொல்கிறது.

முதல்முறை நான் கேட்ட விதம் பெருந்தவறு. மாமியார் இருக்கும்போதே, "ஏம்மா வாடிப்போயிட்ட, வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டேன். மூன்று வாரம் அவள் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தனியாக இருந்தபோது, "நீ பயந்து பயந்து இருக்கிற மாதிரி எனக்குத் தோணுது. எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு, என்னைத் தாண்டிப் போகாது" என்றேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பதில் வர எட்டு மாதம் ஆனது.

அந்த எட்டு மாதத்தில் "விட்டுவிட்டு வா" என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருவர் உத்தரவில் வாழ்பவளுக்கு நானும் ஓர் உத்தரவு போடக் கூடாது என்பது ஒரு காரணம். பெண் வெளியேறப்போகிறாள் என்று தெரியவரும் நேரத்தில்தான் ஆபத்து கூடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். கடைசியில் ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் பீரோவில் வைத்தாள். 181 மகளிர் உதவி எண்ணுக்கு என் கைப்பேசியிலிருந்து அவளே பேசினாள்.

அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதே சட்டத்தின் நான்காவது பிரிவின்படி, வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள எவரும், இதற்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது வழக்கு வராது. ஆனாலும், உயிருக்கு ஆபத்து இல்லாதவரை, அவளைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதன் விளைவை இரவில் அந்த வீட்டுக்குள் இருந்து தாங்க வேண்டியவள் அவள்தான்.

இப்போது அவள் வேறு ஊரில் பிள்ளைகளோடு இருக்கிறாள். போன வாரம் பேசியபோது, "கடைக்குப் போயிட்டு வந்தேன்க்கா, நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு, பஸ் லேட்டு" என்றாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.